நட்ட ஏக்கர் வேறு, நிற்கும் காடு வேறு

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் காட்டின் சொந்தக்காரர் அரசு இல்லை. அங்குள்ள காட்டில் 85 சதவீதத்துக்கும் மேல் தனியார் கையில் இருக்கிறது, அதிலும் பாதிக்கு மேல் சாதாரணக் குடும்பங்களுடையது. காடு என்றாலே வனத்துறை என்று பழகிப்போன நமக்கு இது கொஞ்சம் புதுசு. அந்த நிலத்தில் மரத்தை வெட்டிய பிறகு மறுபடி பைன் நடச் சொல்லி அரசு பணம் கொடுக்கிறது. இந்தத் திட்டங்களை மதிப்பிடும் முறையில் ஒரு கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம். 1960களில் அங்கே பைன் வளர்வதைவிட வேகமாக வெட்டப்பட்டது. ஏற்கெனவே 1940இல் விதைமரச் சட்டம் ஒன்று வந்திருந்தது. வெட்டும்போது ஏக்கருக்கு 8 பெரிய பைன் மரங்களை விதைக்காக விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். விதை விழுந்தால் மட்டும் போதுமா? லாப்லாலி பைனுக்கு நல்ல வெயில் வேண்டும். வெட்டின இடத்தை அப்படியே விட்டால் ஸ்வீட்கம்மும் சிவப்பு மேப்பிளும் முந்திக்கொள்ளும். நிலத்தைச் சுத்தம் செய்து கன்று நட்டால்தான் பைன் நிச்சயம். அதற்குக் காசு வேண்டும்.

அதனால் 1970இல் மரநில மறுநடவுச் சட்டம் கொண்டுவந்தார்கள். மர ஆலைகளிடம் வனப்பொருள் வரி வசூலிப்பது, அதற்கு இணையாக அரசும் பொதுநிதியிலிருந்து பணம் போடுவது, இரண்டையும் சேர்த்து நில உரிமையாளரின் நடவுச் செலவில் ஒரு பங்கைக் கொடுப்பது என்பது ஏற்பாடு. மிசிசிப்பியும் வடக்கு கரோலினாவும் 1970களிலேயே இதே மாதிரி திட்டங்களைத் தொடங்கின.

இதன் நியாயத்தை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு கணக்குக்கு, ஏக்கருக்கு 250 டாலர் நடவுச் செலவு என்று வைப்போம். 5 சதவீத வட்டியில் 30 வருஷத்தில் அது சுமார் 1,080 டாலர். மரம் விற்கும்போது அதற்கு மேல் கிடைத்தால்தான் லாபம். நடுவில் புயல், தீ, வண்டு என்று எதுவும் வரலாம். அறுபது வயதில் மரத்தை விற்றவர், தொண்ணூறு வயதில் வரப்போகும் வரவுக்காக ஏன் கையிலிருக்கும் காசைப் போடுவார்? அரசு பாதியைத் தந்தால் அந்த 1,080 என்பது 540 ஆகிவிடும், முடிவும் மாறலாம். இதுவரைக்கும் சரி.

இனி கோளாறுக்கு வருவோம். இத்திட்டங்களின் வெற்றியைப் பொதுவாக ஒரே எண்ணில் சொல்கிறார்கள்: இத்தனை ஏக்கர் நட்டோம், இத்தனை கோடிக் கன்று வைத்தோம். அந்த எண் மூன்று கேள்விகளை மறைக்கிறது.

முதல் கேள்வி: பணம் கொடுக்காமல் விட்டிருந்தால் எவ்வளவு நட்டிருப்பார்கள்? எப்படியும் நடப்போகிறவருக்குக் கொடுத்த பணம் அவருக்கு அன்பளிப்பு, அவ்வளவுதான். பொருளியலாளர்கள் இதைப் பழங்காலத்திலிருந்தே கேட்டு வருகிறார்கள். 1984இல் டி ஸ்டைகர் செய்த ஆய்வில், அரசுப் பணம் தனியார் பணத்தை இடம்பெயர்த்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. திட்டக்காரர்களுக்கு இது நல்ல செய்திதான். இருந்தாலும் இப்படிப்பட்ட ஆய்வு சொல்வது மொத்தப் போக்கை. யாருக்குக் கொடுத்தால் நடவு கூடுகிறது, யாருக்குக் கொடுத்தால் வீண் என்பதை அது பிரித்துக் காட்டாது. ஆயிரம் ஏக்கர் வைத்து ஆலோசகரையும் வைத்திருப்பவருக்கும், 40 ஏக்கரை முதல்முறையாக வெட்டிவிட்டு விழிப்பவருக்கும் ஒரே விகிதத்தில் கொடுத்தால், எவருக்குத் தேவையோ அவருக்குப் போய்ச் சேர்வது அதிர்ஷ்டம்.

போய்ச் சேராத ஒரு கூட்டமும் இருக்கிறது. தெற்கில் கறுப்பினக் குடும்பங்களின் நிலத்தில் கணிசமான பகுதி, உயில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. பாகம் பிரிக்காத நிலம். பத்து இருபது வாரிசுகளுக்கும் அதில் பங்கு உண்டு. யார் கையெழுத்துப் போடுவது? தெளிவான உரிமைப் பத்திரம் இல்லாததால் பல அரசுத் திட்டங்களின் வாசலிலேயே இவர்கள் நின்றுவிட்டார்கள். 2018 பண்ணைச் சட்டம் கொஞ்சம் வழி திறந்தது, அதுவும் கூட்டாட்சித் திட்டங்களுக்கு. 1956இல் மண்வங்கித் திட்டம் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல் நடவுப் பணம் போய்க்கொண்டிருந்த பிறகு வந்த வழி அது.

இரண்டாவது கேள்வி: நட்ட மரம் என்ன ஆச்சு? மண்வங்கியில் நட்டதெல்லாம் பணம் நின்றதும் உழப்பட்டுவிடும் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அப்படி ஆகவில்லை. 20 லட்சம் ஏக்கருக்கு மேல் நட்டதில் பெரும்பகுதி காடாகவே நின்றது. அதே சமயம் ‘நின்றது’ என்பதும் ‘நன்றாக நின்றது’ என்பதும் ஒன்றில்லை. நெருக்கமாக நட்ட பைனை 12 முதல் 18 வயதுக்குள் ஒருமுறை கலைத்துவிட வேண்டும். ஒரு பகுதியை வெட்டி எடுத்து மிச்சத்துக்கு இடம் விடுவதுதான் கலைப்பு. செய்யாவிட்டால் மரங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டு நோஞ்சானாகும். நோஞ்சான் தோப்பு என்றால் தென்பைன் வண்டுக்குக் கொண்டாட்டம். ஒரு மரத்தில் தொடங்கி தோப்பையே முடித்துவிடும். கலைப்புக்கும் உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நடவுதான் தலைப்புச் செய்தி, கலைப்பு அடிக்குறிப்பு.

கலைப்பில் வரும் சன்ன மரத்தை வாங்குவது காகிதக்கூழ் ஆலை. ஆலை மூடினால்? 2025இல் ஜார்ஜியாவின் சவானாவிலும் ரைஸ்பரோவிலும் இன்டர்நேஷனல் பேப்பர் தன் ஆலைகளை மூடியது. சுற்றுவட்டாரத்தில் கலைப்புக்குக் காத்திருந்த தோப்புக்காரர் இனி அந்த மரத்தை எங்கே கொண்டுபோவார்? தூரம் கூடினால் லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும். நடச் சொல்லி ஊக்கம் கொடுத்த கொள்கைக்கு இதற்குப் பதில் இல்லை.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது: லாபம் யாருக்கு? 1985 சட்டத்தில் வந்த நிலக்காப்புத் திட்டத்தால் 1980களின் பிற்பகுதியில் தெற்கில் பைன் நடவு உச்சத்துக்குப் போனது. அந்த மரங்கள் பலகைக்குத் தயாராகிற நேரம் பார்த்து 2008இல் வீட்டுச் சந்தை விழுந்தது. வீடு கட்டுவது நின்றது, அறுப்புமர விலை இறங்கியது. பிறகு வீடுகள் மறுபடி எழும்பின, பலகை விலையும் ஏறியது. நிற்கும் மரத்தின் விலை மட்டும் பல இடங்களில் பழைய நிலைக்கு நிமிரவில்லை. காரணம், விற்கக் காத்திருந்த மரம் அவ்வளவு. வரத்து கூடினால் விலை விழும் என்பது சந்தைக்குப் போகிற எந்த விவசாயிக்கும் தெரிந்த விஷயம். நடவுப் பணத்தை வாங்கியவர் நில உரிமையாளர்தான். அதன் பலனில் பெரிய பங்கு மலிவான மரமாக ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில் வர்ஜீனியாவின் ஏற்பாட்டைப் பாராட்டத்தான் வேண்டும். பலன் ஆலைக்கு என்றால் செலவிலும் ஆலை பங்கு போடட்டும் என்பது நேர்மையான கொள்கை. வரியை ஆலை கட்டினாலும், மரம் வாங்கும் விலையைக் குறைத்து அதை உரிமையாளர் தலையிலேயே தள்ளிவிடலாம் என்ற சந்தேகம் இருக்கிறது. இருந்தாலும் முழுக்கப் பொதுநிதியில் நடக்கும் திட்டத்தைவிட இது மேல்.

பைன் என்றால் எந்தப் பைன் என்பதும் முக்கியம். லாங்லீஃப் பைன் காடு ஒருகாலத்தில் 9 கோடி ஏக்கர் பரந்திருந்தது, பிறகு சுமார் 30 லட்சமாகச் சுருங்கியது. சிவப்புத் தொப்பி மரங்கொத்தி போன்றவை அந்தக் காட்டை நம்பி வாழ்பவை. 2009இல் வகுத்த மீட்புத் திட்டம் 2025க்குள் 80 லட்சம் ஏக்கர் என்று இலக்கு வைத்தது. லாங்லீஃப் மெதுவாக வளரும், அடிக்கடி தரைத்தீ வைத்துப் பராமரிக்க வேண்டும். ஏக்கர் எண்ணிக்கையை மட்டும் வெற்றி என்று வைத்தால், எந்த அதிகாரியும் லாப்லாலியைத்தான் தேர்ந்தெடுப்பார்.

அப்படியானால் பணத்தை நிறுத்திவிடலாமா? கூடாது. தனியார் நிலத்தில் முப்பது வருஷப் பயிரை ஒருவர் தனியாகச் சுமக்க முடியாது. பணம் கொடுக்கும் முறையைத்தான் மாற்றவேண்டும். நடும்போது ஒரு பங்கு, மூன்றாம் வருஷம் கன்று உயிரோடு நிற்பதைப் பார்த்து ஒரு பங்கு, கலைப்பு முடிந்ததும் மிச்சம் என்று பிரிக்கலாம். சிறிய நிலத்துக்கு விகிதத்தைக் கூட்டலாம். பாகம் பிரியாத நிலத்துக்கு, வாரிசுகளில் பெரும்பான்மையினர் ஒப்புக்கொண்டால் போதும் என்று வைத்து, பத்திரம் சரிசெய்யும் செலவையும் திட்டத்திலேயே சேர்க்கலாம். இதெல்லாம் செய்தால் ஆண்டறிக்கையில் வரும் ஏக்கர் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். குறையட்டும். இருபது வருஷம் கழித்து அந்த நிலத்தில் நடந்து பார்க்கிறவருக்கு அறிக்கை தேவைப்படாது.