முதல் கூண்டு

நம் கதாசிரியர்களுக்கு அதிர்ஷ்டத்தின்மேல் தனிப் பிரியம் உண்டு. என்னையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன். முப்பது பக்கம் கஷ்டப்பட்ட குடும்பத்துக்கு முப்பத்தோராவது பக்கத்தில் லாட்டரியில் பரிசு விழும். இல்லாவிட்டால், முப்பது பக்கம் நல்லவனாக இருந்தவன்மேல் லாரி ஏறும். இரண்டும் ஒரே ஜாதி. கதையை எப்படி முடிப்பது என்று தெரியாமல் ஆசிரியன் விழிக்கும்போது, அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ கொல்லை வாசல் வழியாக வந்து காரியத்தை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறது. வாசகரும் ‘எல்லாம் தலையெழுத்து’ என்று பெருமூச்சு விட்டுப் பத்திரிகையை மூடிவைக்கிறார்.

தமிழ்நாட்டில் அரசாங்க லாட்டரி 1968-ல் வந்தது; 2003-ல் தடை செய்யப்பட்டது. நடுவில் இருந்த 35 வருஷங்களில் நம் கதைகளில் எத்தனை சீட்டுகளுக்குப் பரிசு விழுந்தது என்று கணக்கெடுத்தால், நிஜ லாட்டரி திவாலாகியிருக்கும். அந்தச் சீட்டுகளை அச்சடித்த ஊர்களில் சிவகாசியும் ஒன்று. ஒரு தெருவில் மத்தாப்பு, அடுத்த தெருவில் அதிர்ஷ்டம். இப்படி ஒரு ஊரை எந்த எழுத்தாளன் விடுவான்? நானும் விடவில்லை. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் வெடி விபத்தில் இறந்துபோகிறாள். அவள் தலையணைக்கடியில் வைத்திருந்த சீட்டுக்கு மறுநாள் பரிசு விழுகிறது. ‘விதி’ என்ற சொல் அந்தக் கதையில் மூன்று இடத்தில் வந்தது. பாராட்டுக் கடிதங்களும் வந்தன.

கடிதம் எழுதாமல் நேரில் சொன்னவர் ஒருவர்தான். சாத்தூர்ப் பக்கத்துப் பெரியவர். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு முற்றத்தில் இரண்டு சிப்பிப்பாறை நாய்கள் கட்டியிருந்தன. ஒட்டின வயிறு, நீண்ட மூஞ்சி, சாட்டை மாதிரி வால். நிற்கும்போதே ஓடுகிற தோற்றம். எனக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா, அந்தப் புள்ளைக்கு எந்த ரூம்ல வேலைன்னு எழுதலையே?”

அது கதைக்கு முக்கியமில்லை என்று நான் சொன்னேன். பெரியவர் மறுத்துப் பேசவில்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டே, “அதுதான முக்கியம்” என்று மட்டும் முனகினார். கிராமத்து மனிதர்களுக்கு இலக்கியம் புரியாது என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அந்த நினைப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

பல வருஷம் கழித்து இங்கிலாந்துக்குப் போயிருந்தபோது ஒரு மாலை நாய்ப் பந்தயம் பார்க்க நேர்ந்தது. அங்கே ஓடுவது கிரேஹவுண்டு. நம் சிப்பிப்பாறைக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா பிள்ளை என்று சொல்லும்படியான சாயல். அமெரிக்காவில் ஓவன் ஸ்மித் என்பவர் இயந்திர முயலை ஓடவிட்டு 1919-ல் ஆரம்பித்த விளையாட்டு இது. 1926-ல் மான்செஸ்டரின் பெல் வ்யூ மைதானத்துக்கு வந்து, அங்கிருந்து இங்கிலாந்து முழுவதும் பரவியது. வரிசையாக ஆறு கூண்டுகள். முதல் கூண்டு நாய்க்குச் சிவப்புச் சட்டை, இரண்டுக்கு நீலம், மூன்றுக்கு வெள்ளை, நாலுக்குக் கறுப்பு, ஐந்துக்கு ஆரஞ்சு, ஆறுக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை. முயல் ஓடுகிறது, கதவுகள் திறக்கின்றன, அரை நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

முடிந்துவிடுகிறது என்றா சொன்னேன்? பழகிய கண்ணுக்கு அது முதல் வளைவிலேயே பாதிக்குமேல் முடிந்துபோய்விடுகிறது. முதல் கூண்டு நாய் உள்வேலியை ஒட்டி ஓடுவதால் அதற்கு வளைவில் தூரம் குறைவு. நடுக் கூண்டுகளில் நிற்பவை இரண்டு பக்கமும் இடிபடுகின்றன. ஒரு தோள் இடித்தால் ஒரு தப்படி போகும். அந்த ஒரு தப்படியைக் கடைசிவரை மீட்க முடியாது. அதற்காக முதல் கூண்டுதான் எல்லா நாய்க்கும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. விலகி ஓடும் சுபாவமுள்ள நாயை அதில் அடைத்தால், அது மற்ற நாய்களின் குறுக்கே பாய்ந்து தானும் கெட்டுப் பிறரையும் கெடுக்கும். அதற்குரிய இடம் ஆறாம் கூண்டு. அதனால்தான் அங்கே சாதாரணப் பந்தயங்களில் வெறும் குலுக்கலாக விடாமல், நாயின் ஓட்டப் பழக்கத்தைப் பார்த்துக் கூண்டு ஒதுக்குகிறார்கள். அப்படியும் பல மைதானங்களில் முதல் கூண்டு, தனக்குரிய ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே ஜெயிக்கிறது.

அப்படியானால் தினமும் முதல் கூண்டில் பணம் கட்டி லட்சாதிபதி ஆகிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கணக்கைப் பாருங்கள். நூறு பந்தயத்தில் பதினெட்டில் முதல் கூண்டு ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு ரூபாய் கட்டுகிறீர்கள். ஜெயித்தால், கட்டிய ரூபாயும் சேர்த்து ஐந்து ரூபாய் கைக்கு வரும். பதினெட்டைந்து தொண்ணூறு. போட்டது நூறு, வந்தது தொண்ணூறு. பத்து ரூபாய் பந்தயம் நடத்துகிறவனுக்கு. முதல் கூண்டின் ரகசியம் உங்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல; விலை வைக்கிறவன் உங்களுக்கு முன்பே அதை எண்ணி முடித்துவிட்டான்.

நம் சட்டமும் இந்த விஷயத்தைச் சுற்றி வந்திருக்கிறது. 1974-ல் தமிழ்நாடு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. கிண்டி வழக்கு சுப்ரீம் கோர்ட்வரை போய், குதிரைப் பந்தயம் திறமையின் விளையாட்டே என்று 1996-ல் தீர்ப்பாயிற்று. குதிரையின் வம்சம், பயிற்சி, சவாரி செய்பவரின் சாமர்த்தியம் எல்லாம் திறமைதான், சந்தேகமில்லை. ஆனால் வேலிக்கு வெளியே சீட்டைக் கையில் கசக்கிக்கொண்டு நிற்கிறவனிடம் அந்தத் திறமையில் எவ்வளவு இருக்கிறது? இது சட்டக் கேள்வி அல்ல, நாவலாசிரியனின் கேள்வி. டாஸ்டாயெவ்ஸ்கி ‘சூதாடி’யை 1866-ல் இருபத்தாறு நாளில் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். மனித மனத்தின் வெறிக்கு அதைவிடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது சுழல் சக்கரம். சக்கரத்தின்முன் பிரபுவும் பிச்சைக்காரனும் ஒன்று. ஒவ்வொரு சுற்றும் புதுப் பிறவி. அங்கே கூண்டு என்று ஒன்று கிடையாது. நம் வாழ்க்கையில் இருக்கிறது.

இதைத் தெரிந்து எழுதியவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. நளன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நளனைச் சனி பிடித்தது என்றுதான் நாம் பாட்டியிடம் கேட்டோம். மகாபாரதத்து வனபருவத்தில் பிடிக்கிறவன் கலி. அது இருக்கட்டும். தேரோட்டியாக ஒளிந்து வாழும் நளனுக்கு இருதுபன்னன் வழியில் ஒரு தான்றி மரத்தைக் காட்டி, அதன் இலை இத்தனை, காய் இத்தனை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான். நளன் நம்பவில்லை, மரத்தையே வெட்டி எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அந்த எண்ணும் வித்தையைத்தான் அவன் குதிரை வித்தைக்கு மாற்றாக வாங்கிக்கொள்கிறான். பழங்காலத்தில் சூதாடும் காயாக உதவியதும் தான்றிக்காய்தான் என்பது தெரிந்தால் இந்த இடத்தின் ருசி இன்னும் கூடும். முக்கியமான சங்கதி அடுத்து வருகிறது: வித்தை கைவந்ததும் கலி நளன் உடம்பைவிட்டு வெளியே வருகிறான். பூஜையாலோ பரிகாரத்தாலோ அல்ல, எண்ணத் தெரிந்ததால். இவ்வளவு நுட்பமான கதையைக் கேட்டு வளர்ந்த நாம், லாட்டரிச் சீட்டில் வந்து நிற்கிறோம்.

பெரியவரிடம் திரும்புகிறேன். அவர் ஊர் கரிசல் காடு, மழை குறைவு. விவசாயிக்கு அது மோசமான கூண்டு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தபோது, அதே வறண்ட காற்று தீக்குச்சிக்கும் பிறகு பட்டாசுக்கும் உகந்த காற்றாக ஆயிற்று. விலகி ஓடும் நாய்க்கு ஆறாம் கூண்டு கிடைத்தாற்போல. ஆனால் அது ஊருக்குக் கிடைத்த கூண்டு. ஊருக்குள் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கூண்டு உண்டு. காகிதக் குழாய் சுற்றுகிறவளும் மருந்து கலக்கிறவனும் ஒரே ஆலைக்குத்தான் காலையில் வருகிறார்கள். மாலை வீடு திரும்பும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றல்ல. ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று இருக்க, எட்டுப் பேர் உட்கார்ந்தால் வாய்ப்பு இன்னும் மாறுகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நாற்பது பேர் அளவில் மாண்டார்கள். 2020 மார்ச்சில், நாய்க்குப் பெயர் கொடுத்த அதே சிப்பிப்பாறையில் ஓர் ஆலை வெடித்துப் பலர் இறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் ‘விதி’ என்ற சொல் துக்க வீட்டில் கேட்கிறது. துக்கப்படுகிறவர்களுக்கு அந்தச் சொல்லின்மேல் உரிமை உண்டு. மேஜைமுன் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிற எனக்கு இருக்கிறதா?

என் கதையின் குறை இப்போது விளங்குகிறது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை நான் கடைசிப் பக்கத்தில் வைத்தேன். அது முதல் பக்கத்தில், அவளை எந்த அறைக்குப் போகச் சொன்னார்களோ அந்த இடத்தில், இருந்திருக்க வேண்டும். இப்படிச் சொல்வதால் கதையில் தற்செயலுக்கே இடமில்லை என்று ஆகாது. நல்ல கூண்டிலிருந்து புறப்பட்ட நாயும் இடறி விழும். ஆனால் இடறலை மட்டும் எழுதிவிட்டுக் கூண்டை மறைப்பது வாசகரை ஏமாற்றுவது. சந்தை விலைக்குப் பயந்து பல வருஷம் நான் செய்த ஏமாற்று.

சென்ற வருஷம் ஒரு தொகுப்புக்கு அந்தக் கதையைக் கேட்டார்கள். உட்கார்ந்து திருத்தினேன். எந்த அறை, எத்தனை பேர், காலையா உச்சி வெயிலா, அந்த அறைக்கு அவளை அனுப்பியது யார், தினக்கூலியில் அதற்கு எவ்வளவு அதிகம் என்று எழுதிக்கொண்டு போனதில் லாட்டரிச் சீட்டுக்கு இடமில்லாமல் போயிற்று. பெரியவருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். பத்து நாள் கழித்து டெலிபோனில் கூப்பிட்டார். நாய்கள் குரைப்பது கேட்டது.

“படிச்சேன் தம்பி. இப்ப பரவாயில்ல. கதவு உள்பக்கமா தெறக்குமா, வெளிப்பக்கமா தெறக்குமான்னு மட்டும் எழுதாம விட்டுட்டீங்க.”