'வதறிங் ஹைற்ஸ்': அச்சமும் உடைமையும்

எமிலி புறொன்ரி 'எலிஸ் பெல்' என்னும் புனைபெயரில் 1847இல் வெளியிட்ட 'வதறிங் ஹைற்ஸ்', ஆவி உலவும் அச்சக் கதையாகவே பலராலும் நினைவுகூரப்படுகிறது. யோர்க்ஷயரின் காற்று மோதும் மேட்டுநிலம், அதில் தனித்து நிற்கும் பண்ணைமனை, இரவிற் சாளரத்தினூடே பற்றும் குளிர்ந்த கை என்பன அந்நினைவுக்குத் துணைபுரிகின்றன. எனினும், அம்மனையை உண்மையில் அச்சத்துக்குரியதாக்குவது ஆவியன்று, உடைமையே எனலாம்.

லிவர்பூல் தெருவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஹீத்கிளிவுக்கு ஏர்ன்ஷோ குடும்பம் அளித்தது, இறந்த மகனொருவனின் பெயரை மட்டுமே, குடும்பப் பெயரையன்று. தந்தை இறந்ததும் மகன் ஹின்ட்லி அவனைக் கல்வியினின்றும் விலக்கி வேலையாளாக்குகிறான். சில ஆண்டுகளின்பின் பணத்துடன் மீளும் ஹீத்கிளிவின் ஆயுதம் வாளன்று, ஈட்டுறுதி. சூதாடிக் கடன்பட்ட ஹின்ட்லியின் மனை அதன்வழி அவன் கைப்படுகிறது. பின்னர், கதரின் லின்ரன் குடும்பத்திற் பெற்ற மகளைத் தன் நோயாளி மகனுக்குக் கட்டாயமாக மணமுடித்து, அக்குடும்பத்தின் உடைமையையும் தன்வயமாக்குகிறான். மணமான பெண்ணுக்குச் சொத்தில் தனியுரிமை அளிக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1882இலேயே முழுமை பெற்றது என்பது இங்கு நோக்கற்பாலது.

ஒடுக்கப்பட்டவன் ஒடுக்கியோரின் ஆயுதத்தை ஏந்தியபோது ஒடுக்குமுறை அழியவில்லை, கைமாறியது. ஹின்ட்லியின் மகன் ஹேற்றனை அவன் எழுத்தறிவற்ற வேலையாளாக வளர்ப்பதே இதற்குச் சான்று.

முடிவில் இரு மனைகளும் பழைய குடும்பங்களின் வாரிசுகளையே அடைகின்றன. கதரினின் மகள் ஹேற்றனுக்கு எழுத்தறிவிப்பது நம்பிக்கை தருவதாயினும், பெயரற்று வந்தவனுக்கு அவ்வமைதியில் இடமில்லை. அவனது கல்லறையிலும் குடும்பப் பெயர் பொறிக்கப்படவில்லை.