கை வைத்த சொல்

இங்கிலாந்தில் அச்சான புத்தகம் ஏதாவது கையில் கிடைத்தால் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். யாரும் படிக்காத பக்கம். பதிப்பக முகவரிக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கும் நடுவில் பொடி எழுத்தில் ஒரு வரி கிடக்கும்: இந்நூலின் ஆசிரியர் என்று அறியப்படும் உரிமையை இன்னார் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி 'அஸர்ட்' செய்திருக்கிறார். பல வருஷம் நானும் அதைத் தாண்டித்தான் போனேன். உரிமை என்றால் 'கிளெய்ம்' என்றுதானே போடவேண்டும், இதென்ன அஸர்ட் என்று ஒருநாள் உறுத்தியது. அகராதியை எடுத்தேன். அன்றைக்கு அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை.

கிளெய்ம் வாயில் பிறந்த சொல். லத்தீனில் 'கிளாமாரே' என்றால் கூவுவது, கத்துவது. எக்ஸ்கிளெய்ம், புரொக்ளெய்ம், அக்ளெய்ம் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். கூச்சலைக் குறிக்கும் 'கிளாமர்' உட்பட (சினிமாக்காரர்களின் கிளாமர் வேறு குடும்பம்). பிறவியிலேயே இத்தனை சத்தம் போட்ட சொல் இன்று எவ்வளவு அடங்கிவிட்டது! விமான நிலையத்தில் 'பேகேஜ் கிளெய்ம்' பலகைக்குக் கீழே, சுற்றிவரும் பெட்டிகளைப் பார்த்தபடி வாய்திறக்காமல் நிற்கிறோம். இன்ஷூரன்ஸ் கிளெய்முக்குப் படிவம் நிரப்புகிறோம். பணம் வராமல் இழுத்தடிக்கும்போது சொல் தன் பழைய குணத்துக்குத் திரும்புவதும் உண்டு.

இதே குடும்பத்து 'ரீக்ளெய்ம்' இன்னும் அழகு. இடைக்கால ஆங்கிலத்தில் அது வல்லூறு வளர்ப்பவர்களின் சொல். பறக்கவிட்ட பறவையைக் கூவி, உறையிட்ட கைக்குத் திரும்ப வரவழைப்பதுதான் ரீக்ளெய்ம். பிறகு காட்டு விலங்கைப் பழக்குவதற்கும், தரிசைத் திருத்துவதற்கும், கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கும் வந்து சேர்ந்தது. மும்பையில் பேக்பே ரெக்ளமேஷன் என்று வாய் நிறையச் சொல்கிறார்கள். கடலுக்கு அடியில் கிடந்த மண் எப்போது நம் கையிலிருந்து பறந்துபோனது, திரும்பக் கூப்பிட? சொல் அதைக் கேட்பதில்லை.

கிளாமாரேக்கு 'கலாரே' என்று ஓர் உறவு உண்டு; அழைத்து அறிவிப்பது என்று பொருள். ரோமில் புது மாதம் பிறந்ததைப் பூசாரிகள் ஊரறியக் கூவிச் சொன்னார்கள். அதனால் மாதத்தின் முதல் நாளுக்கு 'காலெண்டே' என்று பெயர் வந்தது. நம் வீட்டுச் சுவரில், மளிகைக்கடைக்காரர் கொடுத்த லட்சுமி படத்துக்குக் கீழே தொங்கும் காலண்டருக்குள்ளும் அந்தக் கூவல் இருக்கிறது.

அடித்துச் சொல்வதற்கான மற்றச் சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம். டிக்ளேர் தெளிவாக்குவது, அஃபர்ம் உறுதியாக்குவது, சட்டக்காரர்கள் மட்டுமே பயன்படுத்தும் 'அவெர்' மெய்யாக்குவது. பத்திரிகைக்காரர்கள் இவற்றை வைத்து விளையாடுவதை மட்டும் கவனிக்கவேண்டும். அமைச்சர் 'ஸெட்' என்றால் சொன்னார், அவ்வளவுதான். 'கிளெய்ம்ட்' என்று எழுதிவிட்டால் நிருபர் லேசாகக் கண்ணடிக்கிறார். தமிழில் இந்த வேலையை 'சாதித்தார்' செய்யும். தான் அங்கே போகவே இல்லை என்று சாதித்தார் என்றால், போயிருக்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வெற்றிக்கும் வீம்புக்கும் ஒரே வினையை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி அஸர்ட். இது கையில் பிறந்த சொல். 'செரெரே' என்றால் தொடுப்பது, கோப்பது. சீரிஸ் என்ற சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது. 'அஸ்ஸெரெரே' தன்னோடு சேர்த்துக்கொள்வது. ரோமானியச் சட்டத்தில் இதற்குத் துல்லியமான வேலை ஒன்று இருந்தது. அடிமை என்று சொல்லப்படுபவன் தன் விடுதலைக்காகத் தானே வழக்காட முடியாது. சுதந்திரக் குடிமகன் ஒருவர் வந்து, அவன்மேல் கை வைத்து, இவன் அடிமையல்ல என்று நீதிபதி முன் சொல்லவேண்டும். அப்படி வருபவருக்குப் பெயர் 'அஸ்ஸெர்டோர்'.

கை வைப்பது என்றால் தமிழில் திருடுவதும் உண்டல்லவா? லத்தீன் சொல்லும் இரண்டு பக்கமும் வெட்டியது. விடுதலைக்குள் சேர்ப்பதும் அஸ்ஸெரெரே, அடிமைத்தனத்துக்குள் இழுப்பதும் அஸ்ஸெரெரே. வெர்ஜினியா என்ற ரோமானியப் பெண்ணின் கதையை வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். கி.மு. 449ஆம் ஆண்டை ஒட்டி நடந்ததாகச் சொல்லப்படுவது. அப்பியஸ் கிளாடியஸ் என்ற அதிகாரி அவள்மேல் ஆசைப்பட்டு, தன் ஆளை ஏவி, இவள் என் அடிமை என்று சொல்லவைக்கிறான். அந்த ஆள் பொதுவெளியில் அவள்மேல் கை வைக்கிறான். அங்கேயும் லிவி எழுதும் வினை இதுவேதான். மகளைக் காப்பாற்ற வழியில்லாத தகப்பன் அவளைத் தானே கத்தியால் குத்திக் கொல்கிறான்.

1863இல் அடிமைகளின் விடுதலைக்காக லிங்கன் வெளியிட்ட ஆவணத்தின் பெயரை இப்போது மறுபடி படித்துப் பார்த்தேன். எமான்ஸிபேஷன் புரொக்ளமேஷன். முதல் சொல்லுக்குள் 'மானுஸ்', அதாவது கை; பிடித்த பிடியிலிருந்து விடுவது. இரண்டாவதற்குள் கூவல். கையும் வாயும் ஒரே தலைப்பில்.

புத்தகத்துக்கும் அஸர்டுக்கும் உள்ள உறவைப் பார்க்க மார்ஷியலிடம் போகவேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டு ரோமில் குறும்பும் விஷமுமாகக் குறுங்கவிதை எழுதியவர். அவர் கவிதைகளை வேறொருவன் தன்னுடையவை என்று படித்துக்கொண்டு திரிந்தான். மார்ஷியல் குவின்டியானஸ் என்ற நண்பருக்கு ஒரு கவிதையே எழுதிவிட்டார். என் கவிதைகள் அடிமைப்பட்டுக் கிடக்கின்றன, நீ அஸ்ஸெர்டோராக வந்து நில் என்று கேட்கிறார். திருடனுக்கு அவர் வைக்கும் பெயர் 'பிளாகியாரியஸ்', ஆட்களைக் கடத்தி அடிமையாக்குபவன். பிளேஜியரிஸம் என்ற சொல் இங்கிருந்துதான் கிளம்பியது. எழுத்துத் திருட்டுக்கான சொல்லும் அதிலிருந்து மீட்பவனுக்கான சொல்லும் ஒரே சிறு கவிதைக்குள் இருக்கின்றன.

அந்தப் பொடி எழுத்து வரியை இதற்குப் பிறகு என்னால் தாண்டிப்போக முடியவில்லை. பிரிட்டிஷ் சட்டப்படி ஆசிரியர் இந்த உரிமையை அஸர்ட் செய்திருந்தால்தான் அது செல்லும். கை வைக்காதவருக்கு இல்லை. சில பதிப்பகங்கள் அதைச் செயப்பாட்டு வினையில் அச்சிடுகின்றன: ஆசிரியரின் உரிமை அஸர்ட் செய்யப்பட்டிருக்கிறது. யார் செய்தார் என்று அதில் இருக்காது. அந்த மாதிரி வரி கண்ணில் படும்போதெல்லாம், விட்டுப்போன எழுவாயின் இடத்தில் நான் குவின்டியானஸைப் போட்டுப் படித்துக்கொள்கிறேன்.