யாழ்ப்பாணத்துச் சாடியும் சென்னைத் தொட்டியும்

“உங்களுக்கென்ன, மழை பெய்யுற ஊரு, மண்ணை அள்ளிப் போட்டாலே எந்தச் செடியும் வந்துடும்” என்று சென்னையில் என் உறவினர் ஒருவர், தமது மொட்டைமாடியில் வரிசையாய் நின்ற கற்றாழைகளையும் கள்ளிகளையும் காட்டியபடி சொன்ன வார்த்தை, அன்போடு சொல்லப்பட்டதாயினும், இலங்கை முழுவதையும் கொழும்பாக எண்ணும் அபிப்பிராயத்திலிருந்து பிறந்ததே. கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை பெய்வது மெய். யாழ்ப்பாணத்திலோ அதில் பாதியளவே, சென்னை பெறும் 1400 மில்லிமீற்றரிலும் குறைவாகவே பெய்து, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அன்றியும், தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்துவைக்கும் செடிக்கு மழை உபகாரியன்று. வேரைச் சூழ்ந்த மண் நீர் நிறைந்து காற்றிழந்தால் அவ்வேர் அழுகிவிடும்.

சென்னை முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. மாடித்தளத்தில் பாரம் ஏறலாகாதாகையால், கட்டிகளாய் விற்கப்படும் தென்னைநார்க் கழிவை ஊறவைத்து, உப்புப் போகக் கழுவி, சிறிது செம்மண்ணும் மண்புழு உரமும் பெர்லைட்டும் கலந்து தொட்டியை நிரப்புகிறார்கள். தூக்குவதற்கு இலேசாகவே இருக்கிறது. ஆயினும் நார்க்கழிவு தன் எடையைப்போலப் பன்மடங்கு நீரைப் பிடித்துவைக்கும் சுபாவமுடையது; பெர்லைட்டோ நீர் ஊற்ற ஊற்ற மேலே மிதந்து வருகிறது. நான் அங்கிருந்தது பங்குனி வெயிலிலேயாயினும், அடைமழையில் அத்தொட்டிகள் காய்வது கடினமென்றே எண்ணுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமத்துச் செம்பாட்டு மண், துகள்கள் மணிமணியாய்த் திரண்டு நிற்பதால், இயல்பாகவே நீரை விரைந்து கீழே விடுவது. என் சின்னம்மா மருளையோ கற்றாழையையோ சாடி மாற்றுகையில், சில நாள் முன்னரே தண்ணீரை நிறுத்தி, செடியைக் கவிழ்த்தெடுத்து, பழைய மண்ணை உதிர்த்து, கறுத்த வேர்களைக் கத்தியால் நறுக்கி, வெட்டுவாய் உலரும்வரை நிழலிற் கிடத்துவார். செம்பாட்டு மண் ஒரு பங்கு, கழுவிய பருமணல் ஒரு பங்கு, உடைத்த கூரையோடும் சிரட்டைக்கரியுமாக ஒரு பங்கு. ஓட்டை நிலக்கடலைப் பருமனுக்கு உடைத்தபின் அரித்து, தூளைக் கொட்டிவிடுவார். தூள் இடுக்குகளை அடைத்துவிடுமே! கலவையைச் சற்றே ஈரமாக்கி ஒரு பிடி பிடித்து, விரல் விரித்ததும் அது உதிர்ந்துவிட்டாற்றான் சாடிக்குள் போகும். துவாரத்தின்மேல் ஓட்டுத்துண்டு ஒன்றே. அடியிற் கல்லைத் தடிப்பாய்ப் பரப்பும் வழக்கம் இரு கரையிலும் உண்டாயினும், மேலுள்ள நுண்மண் முழுதும் நிறைந்தாலன்றி நீர் அக்கல்லுக்குள் இறங்காதென்பதை எங்கள் வீடு அறிந்திருந்தது. புதுச் சாடி பழையதிலும் இரண்டு விரலகலமே பெரிது, சுட்ட மண்ணாலானது. நட்டபின் ஒரு கிழமை தண்ணீரில்லை.

எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்பு மிகுந்ததாகையால் சாடியின் வெளிப்புறத்தில் வெண்பூச்சுப் படிகிறது. வீட்டினுள் வளர்க்கும் சில செடிகளின் இளம் இலைகள், நரம்பு பச்சையாயிருக்க, மஞ்சளாகின்றன. அவற்றுக்குச் சற்றே புளிப்புத்தன்மையுள்ள தும்புத்தூள், அதாவது சென்னையார் இடும் அதே நார்க்கழிவு, நல்லது. அது குருநாகல், புத்தளம் தென்னைகளிலிருந்தும் தாராளமாய்க் கிடைக்கிறது. ஆகவே மணிபிளான்ட்டுக்கும் பன்னத்துக்கும் ஒரு பங்கு தும்புத்தூள் சேர்க்கிறோம். கற்றாழைக்கும் மருளுக்கும் சேர்ப்பதில்லை.