பழைய பி.எம்.எக்ஸ். சைக்கிள்களைப் புதுப்பித்தல்: செலவும் சேதமும்

தென் கலிபோர்னியாவைச் சேர்ந்த சிறுவர்கள், மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்கள் மண்மேடுகளைத் தாவிக் கடப்பதைக் கண்டு ஆசைப்பட்டு, 20 அங்குலச் சக்கரம் பூண்ட தங்கள் சிறு சைக்கிள்களிலேயே அந்தச் சாகசத்தைச் செய்யத் தலைப்பட்டதன் பலனாக, 1970-களின் ஆரம்பத்தில் பி.எம்.எக்ஸ். என்ற விளையாட்டு உருவாயிற்று. பத்தாண்டு கழிவதற்குள் அதிலிருந்து ஃப்ரீஸ்டைல் என்றொரு கிளை பிரிந்தது. பிறரை முந்திச் செல்வது இதன் நோக்கமன்று. ஒற்றைச் சக்கரத்தில் சைக்கிளை நிறுத்துவதும், ஹேண்டில்பாரை முழுவட்டமாகச் சுழற்றுவதும், வளைந்த சரிவுப் பலகையில் ஏறி அந்தரத்தில் திரும்பி இறங்குவதுமே இதன் வித்தைகள். பந்தயச் சைக்கிள்களுக்கு எண் தகடு செய்து விற்றுவந்த பாப் ஹாரோ என்ற இளைஞர், இவ்வித்தைகளுக்கென்றே அமைந்த ஃபிரேமை 1982-ல் வெளியிட்டார். அதைத் தொடர்ந்து ஹாரோ மாஸ்டர், ஜி.டி. பெர்ஃபார்மர், ரெட்லைன் ஆர்.எல்.-20, ஹட்ச் டிரிக் ஸ்டார், ஸ்கைவே ஸ்ட்ரீட் பீட் என்று பெயர் பெற்ற சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1984-ல் ‘ஃப்ரீஸ்டைலின்’ என்று இக்கலைக்குத் தனிப் பத்திரிகையே தோன்றியது. அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் மலைச் சைக்கிள்களின்பால் ஜனங்களின் மோகம் திரும்பவே, ஃப்ரீஸ்டைல் வியாபாரம் சரிந்தது. சைக்கிள்கள் கார் கொட்டகைகளின் மூலைகளில் ஒதுங்கின.

அன்று அவற்றை ஓட்டிய சிறுவர்களும், வாங்க வசதியின்றிக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த சிறுவர்களும் இன்று ஐம்பது வயதைக் கடந்தவர்கள். கையில் கொஞ்சம் பணமும், மனத்தில் நிறைவேறாத ஆசையும் உள்ளவர்கள். அவர்களே துருப்பிடித்த ஃபிரேம்களைத் தேடிப்பிடித்து, 1985-லோ 1986-லோ விற்பனைப் புத்தகத்தில் அச்சாகியிருந்த படத்துக்கு அணுவளவும் பிசகாதபடி அவற்றைப் புதுப்பிக்கும் பழக்கத்தை, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஒரு பெரிய பொழுதுபோக்காக வளர்த்திருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தின்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் இதன் செலவைக் கணக்கிடும் முறையில் ஒரு பெரும்பிழை இருப்பதாகவே கருதுகிறேன். புதுப்பிப்பவர் தம் பையிலிருந்து போனதை மட்டுமே செலவு என்று எழுதிக்கொள்கிறார். தம் சைக்கிள் நிறைவு பெறுவதற்காகப் பிற சைக்கிள்கள் கொடுத்த விலையை எந்தக் கணக்கிலும் அவர் எழுதுவதில்லை.

முதலில் பணத்தையே பார்ப்போம். இதில் புதிதாய் இறங்குபவர், ஃபிரேமும் ஃபோர்க்கும் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதாக எண்ணுகிறார். உண்மையில் கிணறு அங்கேதான் ஆரம்பமாகிறது. குரோமோலி என்னும் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த ஃபிரேம் முரட்டுத்தனத்தைத் தாங்கக்கூடியது. ஆகையால் தேய்ந்தும் கீறியுமாவது அது உயிர்தப்பிக் கிடக்கிறது. எவையெல்லாம் அன்று அற்பமாக இருந்தனவோ, எவற்றைச் சிறுவர்கள் தேய்த்துத் தேய்த்துக் குப்பையில் எறிந்தார்களோ, அவையே இன்று அபூர்வமாகிவிட்டன. கைப்பிடி ரப்பர், ஸ்டிக்கர், பிளாஸ்டிக் சீட், டயர், பிரேக் லீவர் ஆகிய இவையே பையைக் காலி செய்பவை. கறுப்புக் கண்ணாடிகளுக்காக உலகப் பிரசித்தி பெற்ற ஓக்லி நிறுவனத்தை ஜிம் ஜன்னார்ட் என்பவர் 1975-ல் தொடங்கியபோது, அவர் விற்ற முதற்சரக்கு கைப்பிடி ரப்பர்தான். வியர்வைக் கையில் நழுவாமல் பிடிக்கும் அந்த ரப்பரைச் சிறுவர்கள் ஆசையாய் வாங்கித் தேய்த்தார்கள்; தேயாமல் எஞ்சிய ஒரு ஜோடிக்கு இன்று சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை, ரப்பருக்குரிய விலையே அன்று.

அளவு விஷயத்திலும் ஒரு வலை விரிந்திருக்கிறது. அமெரிக்க முறைப்படி செய்த பழைய ஃபோர்க்கில் ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டின் விட்டம் 21.1 மில்லிமீட்டர், வேறு பல சைக்கிள்களில் அது 22.2 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேபோல் தோன்றும். தவறானதை வாங்கிவிட்டவர் அதை நஷ்டத்துக்கு விற்று, மறுபடி சரியானதைத் தேடி, மறுபடி தபால் செலவு கொடுக்கிறார். இப்படி ஃபிரேமுக்குச் சில நூறு டாலர், முலாமுக்குச் சில நூறு டாலர், சில்லறைச் சாமான்களுக்கு அவ்விரண்டையும் சேர்த்ததற்கு மேல் என்று ஏறிக்கொண்டே போய், ஆயிரங்களில் முடிகிற கணக்கில், சில அபூர்வ மாதிரிகளைத் தவிர்த்து மற்றவற்றை விற்கும்போது போட்ட பணம் திரும்புவதில்லை. இதை முதலீடு என்று சொல்லித் தம்மையும் குடும்பத்தாரையும் சமாதானம் செய்பவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பதே என் அபிப்பிராயம். ஒரே ஒரு தலைமுறையின் பால்ய நினைவை நம்பி நிற்கும் விலை, அந்தத் தலைமுறைக்குப் பிறகும் நிற்கும் என்பதற்கு யாதொரு உத்தரவாதமும் இல்லை.

முலாம் விஷயம் சற்று நின்று ஆராயத்தக்கது. அக்காலத்து ஃப்ரீஸ்டைல் சைக்கிள்களின் சோபையில் பெரும்பகுதி குரோமிய முலாமினால் வந்தது. துரு ஏறிய ஃபிரேமை முலாம் பட்டறைக்கு அனுப்பினால், முதலில் பழைய குரோமியத்தையும் அதன் அடியிலுள்ள நிக்கலையும் ரசாயனத் தொட்டியில் கழற்றுகிறார்கள். பிறகு துரு அரித்த குழிகள் மறையும்வரை எஃகைச் சாணைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்க்கிறார்கள். அதன் பின்னரே புதிய நிக்கலும் குரோமியமும் ஏறுகின்றன. இந்தத் தேய்ப்பில்தான் ஈடு செய்ய முடியாத நஷ்டம் நேர்கிறது. பற்றவைப்புத் தொழிலாளி விட்டுச்சென்ற சிற்றலை போன்ற வரிகள் மழுங்குகின்றன. பெடல்களைத் தாங்கும் கிராங்க் ஓடும் குழாயின் அடியிலோ பின்சக்கரத்தைப் பிடிக்கும் தகட்டிலோ குத்திய வரிசை எண் ஆழம் குறைந்து மங்குகிறது. மெல்லிய குழாய் மேலும் மெலிகிறது. அந்த ஃபிரேம் எந்த ஆண்டில் பிறந்தது என்பதற்கு வரிசை எண்ணே முதல் சாட்சி. அதைத் தேய்த்துவிட்டு, அதே ஆண்டுக்குரிய ஸ்டிக்கரை நூல் பிசகாமல் ஒட்டுவதில் என்ன பிரயோஜனம்?

மேலும், அந்தப் பளபளப்புக்குக் காரணமான ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோயை விளைவிக்கும் நஞ்சு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் அதன் உபயோகத்துக்குத் தனி அனுமதி வேண்டியிருக்கிறது. இந்த விளையாட்டின் தாயகமான கலிபோர்னியாவிலோ, காற்று வளத்துறை வாரியம் 2023-ல் இயற்றிய விதியின்படி, அலங்கார முலாமுக்கு அதைப் பயன்படுத்துவது 2027 முதல் படிப்படியாக நிறுத்தப்பட வேண்டும். பதிலாக வரும் மூன்று இணைதிறன் குரோமியத்தின் சாயல் சற்றே வேறுபட்டது. பழைய நீலச் சாயை அதில் அப்படியே வருவதில்லை என்று சேகரிப்பாளர்கள் குறைப்படுகிறார்கள். தொட்டியருகே நிற்கும் தொழிலாளியின் நுரையீரலை ஒருபுறமும் நீலச் சாயையை ஒருபுறமும் வைத்துப் பார்க்கும் எவரும் இந்தக் குறையைப் பெரிதாகப் பேசமாட்டார்கள். மறுமுலாமின் விலையில் அந்த நுரையீரலும் சேரத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் பெரும்பாலான ஃபிரேம்களுக்கு மறுமுலாம் தேவையே இல்லை. சமையலறையில் கிடக்கும் அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால், குரோமியத்தின்மேல் படர்ந்த பழுப்புத் துரு கறுப்புக் குழம்பாக இறங்கி, அடியிலிருக்கும் பழைய ஒளி வெளிப்படும். அரித்த குழிகள் சிறு புள்ளிகளாக எஞ்சும் என்பது மெய்யே. அப்புள்ளிகள் அந்தச் சைக்கிள் நின்ற கொட்டகைக்கும் நனைந்த மழைக்கும் அடையாளங்கள். அவற்றை ஊனமாகக் கருதும் மனப்பான்மையைத்தான் முதலில் விட வேண்டும். ஸ்கைவே நிறுவனத்தின் டஃப் வீல் என்னும் நைலான் வார்ப்புச் சக்கரத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். காலத்தால் மஞ்சளித்த வெள்ளைச் சக்கரத்தைத் துணிச்சாயத்தில் முக்கி வேறு நிறமாக்கிவிடுகிறவர்கள் உண்டு. கலிபோர்னியாவின் ரெடிங் நகரத்திலுள்ள அந்நிறுவனம் அச்சக்கரத்தை இன்றும் தயாரிக்கும்போது, புதியதை வாங்கி ஓட்டிவிட்டுப் பழையதைப் பழையதாகவே பத்திரப்படுத்துவதற்கு என்ன தடை?

இனி, நான் முதலில் சொன்ன எழுதப்படாத செலவுக்கு வருகிறேன். ஒரு வீட்டுக் கொட்டகையிலிருந்து தூசி படிந்த முழுச் சைக்கிள் ஒன்று வெளிவருகிறது. முதல் உடைமையாளன் பொருத்திய கைப்பிடியும் சீட்டும் பெடலும் அதிலேயே இருக்கின்றன. முழுதாக விற்றால் கிடைப்பதைவிட, பிரித்துத் துண்டு துண்டாக விற்றால் அதிகம் கிடைக்கும் என்று வியாபாரி அறிவான். பிரேக் ஓரிடம், கிராங்க் ஓரிடம், சக்கரம் ஓரிடம் என்று போக, சூனியமான ஃபிரேம் இன்னொருவர் கைக்கு வந்து, அவர் அதற்கென்று மறுபடி வேறு மூன்று சைக்கிள்களின் உறுப்புகளைத் தேடத் தொடங்குகிறார். ஒரு வீட்டுக்குப் பொருத்தமான கதவு வேண்டுமென்று மூன்று வீடுகளை இடிப்பதற்கும் இதற்கும் பேதமில்லை. பரிசு பெறும் அளவுக்குப் பூரணமான ஒவ்வொரு சைக்கிளின் பின்னாலும், பிரிக்கப்படாதிருந்தால் உள்ளபடியே ஒரு சரித்திரமாக நின்றிருக்கக்கூடிய சில சைக்கிள்கள் அழிந்திருக்கின்றன. அசல் உறுப்பு என்பதன்மேல் வெறி முற்ற முற்ற இந்த அழிவும் வேகம் பெறுகிறது.

அத்துடன், விற்பனைப் புத்தகத்தையே வேதமாகக் கொள்ளும் இந்த நிஷ்டை சரித்திரத்துக்கும் உண்மையானதன்று. கடையில் வாங்கியபடியே தன் சைக்கிளை வைத்திருந்த ஃப்ரீஸ்டைல் சிறுவன் அபூர்வம். ஹேண்டில்பார் சுழலும்போது பின்பிரேக் கம்பி முறுக்கிக்கொள்ளாமலிருக்க பிரையன் ஸ்குரா கண்டுபிடித்த ஜைரோ என்னும் சாதனத்தைக் காசு சேர்த்து வாங்கிப் பொருத்தினார்கள். முன்பிரேக் கம்பியைத் தண்டின் நடுவே துளைவழி இறக்கினார்கள். உடைந்த கிராங்கை மாற்றினார்கள். போட்டியில் கிடைத்த ஸ்டிக்கரை ஒட்டினார்கள். இந்தத் திருத்தங்களே அக்கலை வளர்ந்த பாதை. அவற்றைக் கழற்றி எறிந்து, கடைவாசலை விட்டு ஒருநாளும் வெளியேறாத ஒரு கற்பனைச் சைக்கிளை உண்டாக்குவது மீட்பு ஆகுமா என்பதை ரசிகர்கள் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு கடுமையாகச் சொன்னபின், இப்பழக்கம் செய்திருக்கும் நன்மையைச் சொல்லாது விடுவது அநீதி. ஃப்ரீஸ்டைல் இன்று ஒலிம்பிக் விளையாட்டு. 2020-ம் ஆண்டுக்குரியதாகி 2021-ல் நடந்த டோக்கியோ விழாவில் முதன்முதலாக இடம்பெற்றது. அத்தகைய கௌரவம் அடைந்த ஒரு கலையின் ஆதி உபகரணங்களைப் பெருமளவில் காப்பாற்றியவர்கள் தம் கைப்பணத்தைச் செலவிட்ட இந்தப் பொழுதுபோக்காளர்களே. எந்த வரிசை எண் எந்த ஆண்டைக் குறிக்கும், எந்த ஃபிரேமில் எந்த மாதிரிப் பற்றவைப்பு உண்டு என்ற அறிவையெல்லாம் அவர்கள் சிரத்தையுடன் திரட்டி வைத்திருக்கிறார்கள். பழைய ஸ்டிக்கர்களை மறுபடி அச்சிடும் சிறு தொழில்கள் அவர்களால் பிழைக்கின்றன. அவர்களுடைய ஆர்வத்தைக் கண்டே ஹாரோ, ஜி.டி. முதலிய நிறுவனங்கள் பழைய மாதிரிகளைப் புதிதாகச் செய்து வெளியிட்டன. அசல் அன்று என்று சேகரிப்பாளர் பலர் இந்த மறுபதிப்புகளை மதிப்பதில்லை. எனக்கோ இவையே இப்பழக்கத்தின் மிகச் சிறந்த விளைவாகத் தோன்றுகின்றன. பளபளக்கும் பெர்ஃபார்மர் ஒன்று தமக்கு வேண்டும் என்ற ஆசையை ஒருவர் மறுபதிப்பினால் தீர்த்துக்கொள்ளும்போது, எங்கோ ஒரு பழைய சைக்கிள் பிரிபடாமல் தப்புகிறது.

ஆகவே இத்துறையில் புதிதாய் இறங்க நினைக்கும் அன்பர்களே, முலாம் பட்டறைக்குப் போகுமுன் அலுமினியத் தாளையும் பழந்துணியையும் எடுத்து ஒரு மாதம் உழைத்துப் பாருங்கள். டயர், பிரேக் கட்டை, செயின் முதலிய உயிருக்கு உத்தரவாதமான உறுப்புகளில் அசலைத் தேடாமல் புதியதைப் போட்டு, கழற்றிய பழையதைப் பையிலிட்டுச் சைக்கிளோடேயே வைத்திருங்கள். ஓட்டக்கூடியதை ஓட்டுங்கள். முழுச் சைக்கிளாக உங்கள் கைக்கு வந்ததை, எவ்வளவு விலை பேசினாலும் பிரிக்காமல், முழுச் சைக்கிளாகவே அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்.