விடுபட்ட வரிசைகள்: கல்பாக்கமும் இணைப்பின் அரசியலும்

1983இல் கல்பாக்கத்தின் முதல் உலை இயங்கத் தொடங்கியது. அக்கம்பக்கத்தில் நோய் கூடியிருக்கிறதா என்கிற கேள்விக்கு, 'கணக்குல அப்படி ஒண்ணும் இல்லீங்க' என்று பதில் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? நம்புகிறோம், அல்லது பொய் என்கிறோம். கணக்கை ஒரு பிரதியாக வாசிப்பதில்லை. கதிர்வீச்சால் நோய் வந்ததா என்பது வேறு விவாதம். இங்கே பேச்சு, கேள்வி கட்டப்படும் விதம் பற்றியது.

தரவுகளைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்து, பொதுவான ஒரு மதிப்பைச் சாவியாகக் கொண்டு வேண்டும்போது கோத்துக்கொள்ளலாம் என்று ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் 1970இல் எழுதினார். இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவை அந்த யோசனையின்மேல்தான் நிற்கின்றன.

உதாரணத்துக்கு இரண்டு அட்டவணைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் நோயாளிகள், மற்றதில் உலைத் தொழிலாளர் வாங்கிய கதிர்வீச்சு அளவு. 'இன்னர் ஜாயின்' போட்டால் இரண்டிலும் பொருந்துகிறவர் மட்டுமே மிஞ்சுவார். சதுரங்கப்பட்டினத்து மீனவருக்கு அளவு அட்டவணையில் இடமே கிடையாது, அவர் போய்விடுவார். பெயரின் எழுத்து இரண்டு ஏட்டிலும் இரண்டு விதமாக இருந்தால் ஒப்பந்தத் தொழிலாளியும் போய்விடுவார்.

'லெஃப்ட் ஜாயின்' போட்டால் நோயாளிகள் எல்லோரும் நிற்பார்கள். அளவு தெரியாதவருக்கு நேரே 'நல்' என்கிற வெற்றிடம் இருக்கும். சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ஊர், வயது, அளவு என்று பயன்படுத்துபவர் தேர்வு செய்யச் செய்ய, நிரல் ஒவ்வொரு நிபந்தனையாக வினவலின் கடைசியில் ஒட்டிக்கொண்டே போகிறது. 'அளவு இத்தனைக்கு மேல்' என்பது 'வேர்' பகுதியில் ஒட்டப்பட்ட கணமே வெற்றிட வரிசைகள் உதிர்ந்துவிடுகின்றன. வெற்றிடத்தை எதோடு ஒப்பிட்டாலும் 'உண்மை' என்ற விடை வராது அல்லவா? லெஃப்ட் ஜாயின் என்று எழுதியிருக்கும். நடப்பதோ இன்னர் ஜாயின். பிழைச்செய்தி எதுவும் வராது. அந்த நிபந்தனையை ஜாயினின் 'ஆன்' பகுதிக்குள் வைத்திருந்தால் வரிசைகள் தப்பியிருக்கும். யாரும் சதி செய்யவில்லை. வாக்கியத்தின் இலக்கணமே ஆட்களை வெளியே தள்ளிவிட்டது.

எல்லைக்கோடும் ஒரு நிபந்தனைதான். 1982 முதல் தரவு திரட்டிய சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவகம் நகரவாசிகளைக் கணக்கெடுக்க ஏற்பட்டது. புதுப்பட்டினத்திலிருந்து அடையாறு போய் வைத்தியம் பார்த்தவர் ஆஸ்பத்திரி ஏட்டில் இருப்பார். நகரக் கணக்கில் வரமாட்டார். பதிவகத்தின் குற்றமல்ல இது. அந்தக் கணக்கைக் கல்பாக்கத்துக்குப் பதிலாக நீட்டினால்தான் குற்றம்.

ஆகவே, முடிவான எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பக் கூடாது. எந்தச் சாவியால் கோத்தார்கள்? நிபந்தனை எங்கே வைக்கப்பட்டது? கோப்பதற்கு முன் எத்தனை பேர், பின் எத்தனை பேர்? பொருந்தாமல் நின்றவர்கள் எந்த ஊர், என்ன வேலை? இந்த விவரங்களும் எண்ணோடு சேர்ந்து அச்சாக வேண்டும். கேட்பதற்கு கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை.