துப்பறியும் கதையின் பாணிகள்

துப்பறியும் கதைப் பிரியர் என்றால் அகதா கிறிஸ்டியையும் ரசித்தாக வேண்டும் என்று பலரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு அவர் ஒட்டவில்லை. 1926-இல் வெளியான ‘ரோஜர் அக்ராய்டின் கொலை’யின் கட்டுக்கோப்பில் குறை சொல்ல வாய் வராது, தடயங்கள் எல்லாம் நம் கண்ணெதிரே கிடக்கின்றன. ஆனால் படிப்பறையில் ஒரு நாற்காலி இடம் மாறியதற்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட, அதே அறையில் குத்துப்பட்டுச் செத்துக் கிடக்கும் மனிதருக்குக் கிடைப்பதில்லை. பக்கம் புரளப் புரள அதுதான் என்னை உறுத்துகிறது.

இப்படிப் புதிரையே மையமாக்கும் பாணிக்கென்று இலக்கணம் உண்டு. கத்தோலிக்கப் பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் தற்செயலாக உண்மையைக் கண்டுபிடிக்கக் கூடாது, கிடைத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது, கதையில் ஒன்றுக்கு மேல் ரகசிய வழி கூடாது. இந்த அளவுகோலில் கிறிஸ்டி சிகரம்தான். 1944-இல் அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் இந்த ஆங்கிலப் பாணியைச் சாடி, நிஜமாகவே துப்பறியும் வேலை பார்த்த டாஷியல் ஹாமெட்டை உயர்த்திப் பிடித்தார். சாண்ட்லர் சொன்னதில் பாதிதான் நியாயம். என் மனம் ஒன்றாததால் ஒரு புத்தகம் மட்டமாகிவிடாது.

எனக்கு வழி திறந்தது ஜப்பானில். அங்கே புதிர்க் கதைக்கு ‘ஹொன்காகு’ என்று பெயர். அந்த மரபில் வந்த யோகோமிசோ சேஷியின் பூட்டிய வீடுகளிலிருந்து கதையைத் தெருவுக்கும் அலுவலகத்துக்கும் கொண்டுவந்தவர் மாட்சுமோட்டோ சேய்ச்சோ. 1958-இல் புத்தகமான அவருடைய ‘புள்ளிகளும் கோடுகளும்’ நாவலில், ஊழல் விசாரணையில் இருக்கும் ஓர் அமைச்சக அதிகாரியும் ஒரு பெண்ணும் ஃபுகுவோகா கடற்கரையில் பிணமாகக் கிடக்கிறார்கள். காதலர் தற்கொலை என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். வயதான துப்பறிவாளர் தோரிகாய்க்கு மட்டும் மனம் கேட்கவில்லை. அதிகாரியின் சட்டைப் பையில் இருந்த ரயில் உணவகப் பெட்டியின் ரசீதில் ஒருவர் சாப்பிட்ட கணக்குதான் இருக்கிறது. சேர்ந்து சாகக் கிளம்பியவள், பசி இல்லாவிட்டாலும் அவருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு காபியாவது குடித்திருக்க மாட்டாளா? இந்தத் தடயத்தைப் படிக்கப் பூதக்கண்ணாடி உதவாது, மனித மனம் தெரிந்திருக்க வேண்டும். இத்தனைக்கும் புதிர் இளைத்துப் போகவில்லை. டோக்கியோ நிலையத்தில் 13-ஆம் நடைமேடையிலிருந்து 15-ஆம் நடைமேடை ரயில் மறைப்பின்றிக் கண்ணில் படும் அந்த நான்கே நிமிடத்தில் எவ்வளவு கணக்கு!

1987-இல் அயட்சுஜி யூகிட்டோவின் ‘பத்துக்கோண வீடு’ தூய புதிரை மீண்டும் அரியணை ஏற்றியது. கொண்டாடப்பட்ட நாவல், அதிலும் நான் வெளியேதான் நின்றேன். 2005-இல் ஹிகாஷினோ கெய்கோவின் ‘சந்தேக நபர் எக்ஸ்’ வந்தது. நாவோகி இலக்கியப் பரிசும் ஹொன்காகு விருதும் பெற்றும், அது ஹொன்காகுவே அல்ல என்று எழுத்தாளர்களே சண்டை பிடித்தார்கள். ஒரு கணித ஆசிரியரின் காதலே புதிரின் அச்சாணியான அந்த நாவல் எந்தப் பக்கம் நின்றாலும் என் வாக்கு அதற்கு உண்டு.